முட்டி ஆட்டங்கண்டால் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை ஓங்கி உதைக்கிறீர்கள். எஞ்சின் கிளம்பிவிடுகிறது. ஆனால் ஊன்றி நின்ற காலின் முட்டி 'களுக்'கென்று ஒரு பக்கமாக நழுவி, மறுபடியும் தன் இடத்துக்கு வருகிறது. வலி பெரிதாக இல்லை. ஒரு கணம் நெஞ்சு பதறியதோடு சரி. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுகிறீர்கள்.

உங்களுக்கோ, உங்கள் வீட்டுக்காரருக்கோ, வயது வந்த மகனுக்கோ இப்படி நேர்ந்ததுண்டா? உண்டென்றால் சற்று உட்கார்ந்து இதைப் படியுங்கள். படிக்க நேரமில்லாதவருக்கு வீட்டில் ஒருவர் படித்துக் காட்டுங்கள்.

யோங் பெங்கிலிருந்து சிகாமட்டுக்குப் போகும் பழைய பெருஞ்சாலையில் இருக்கிறது நம் லாபிஸ் பட்டணம். பட்டணத்துச் சாலை தார்ச்சாலை. அதை விட்டு உள்ளே திரும்பினால் செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே செம்மண் சாலைதான். வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் சறுக்கல். லோரிச் சக்கரம் பதிந்த பள்ளங்கள் வேறு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், பிறகு 2023 மார்ச்சிலும் சிகாமட் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் வராத ஆண்டிலும், ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தால் போதும். தோட்டத்துச் சாலை எண்ணெய் பூசிய பலகை மாதிரி ஆகிவிடும்.

அந்தச் சாலையில்தான் குலை வெட்டுகிறவரும், பால் வெட்டுகிறவரும், மண்டோரும், பிள்ளையைப் பள்ளியில் விடுகிற தாயும் காப்சாய் வண்டியில் போய் வருகிறார்கள். 'ஸ்க்ராம்ளர்' என்னும் மேடு பள்ளம் தாவும் வண்டிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனைக் காட்டுப் பாதைகளில் ஓட்டி மகிழும் இளைஞர்களும் இன்று இருக்கிறார்கள். பிழைப்புக்காக ஓட்டினாலும் விளையாட்டுக்காக ஓட்டினாலும் முட்டி ஒன்றுதான். அதற்கு வரும் கேடும் ஒன்றுதான்.

முட்டி கொஞ்சம் ஆட்டங்கண்டதும் நம்மவர்கள் செய்வது என்ன? பட்டணத்து மருந்துக் கடையிலோ இரவுச் சந்தையிலோ கையில் கிடைத்த ஒரு முட்டி உறையை வாங்கி மாட்டிக்கொள்வது. பிறகு, "உறை போட்டிருக்கிறேன், இனிப் பயமில்லை" என்று முன்னைவிட வேகமாக ஓட்டுவது. இந்த இரண்டாவது காரியம்தான் ஆபத்து. கண் பார்வை குறைந்தவர் அண்டை வீட்டுக்காரரின் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வாரா? முட்டித் தாங்கியும் மூக்குக் கண்ணாடி போலத்தான். எந்தக் குறைக்கு எது என்று பார்த்து வாங்கவேண்டும்.

கீல் எப்படிக் கழல்கிறது?

முழங்காலைக் கதவின் கீல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொடை எலும்பு, கீழே கெண்டைக்கால் எலும்பு, முன்னால் காவல்காரனைப் போல முட்டிச் சில்லு. இந்த எலும்புகளை ஆணி அடித்து யாரும் பூட்டவில்லை. நான்கு நார்கள்தான் இழுத்துக் கட்டியிருக்கின்றன.

உட்பக்கம் ஒரு நார், வெளிப்பக்கம் ஒரு நார். இவை முட்டி பக்கவாட்டில் மடங்காமல் காக்கின்றன. மூட்டுக்கு உள்ளே இரண்டு நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக, பெருக்கல் குறி போலப் போகின்றன. அதனால் அவற்றுக்குச் சிலுவை நார்கள் என்று பெயர். முன் சிலுவை நார், கெண்டைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைக்கிறது. மருத்துவர்கள் 'ஏ.சி.எல்.' என்று சொல்வது இதைத்தான். பின் சிலுவை நார், அதே எலும்பு பின்னால் போகாமல் பிடிக்கிறது.

இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை நிலா வடிவத்தில் இரண்டு மெத்தைகள் உண்டு. அதிர்ச்சியைத் தாங்குவது அவற்றின் வேலை. இவற்றையெல்லாம் சுற்றி, முன்தொடைத் தசையும் பின்தொடைத் தசையும் இரண்டு பக்கமும் நின்று வடம் பிடிக்கின்றன. நார் ஒன்று அறுந்துவிட்டாலும், தசை பலமாக இருந்தால் ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். தசையும் இளைத்துவிட்டால்தான் முட்டி அடிக்கடி காலை வாரிவிடும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும்.

வண்டி முட்டியைக் கெடுக்கும் விதம்

செம்மண் சாலையில் முட்டி கெடுவதற்கு வேகம்கூட வேண்டியதில்லை. வண்டி சறுக்கும்போது நாம் நம்மையறியாமல் ஒரு காலை நீட்டி ஊன்றுகிறோம். பூட்ஸ் சேற்றிலோ சக்கரப் பள்ளத்திலோ மாட்டிக்கொள்கிறது. பாதம் அங்கேயே நிற்க, வண்டியோடு உடம்பு திரும்புகிறது. நடுவில் அகப்பட்ட முட்டி திருகிக்கொள்கிறது. முன் சிலுவை நார் அறுவதற்கு இந்த ஒரு திருகல் போதும்.

வண்டி சாய்ந்து காலின் வெளிப்பக்கமாக விழுந்தால் உட்பக்க நார் கிழியும். கீழே விழுந்து, மடங்கிய முட்டியின் முன்பக்கம் கல்லிலோ கட்டையிலோ மோதினால் பின் சிலுவை நார் போகும். உதைத்துக் கிளப்பும் வண்டியில் உதைகோல் திருப்பி அடித்தால், முட்டி பின்பக்கமாக அளவுக்கு மேல் நீண்டுவிடும். பின்னால் உர மூட்டையோ பால் தோம்போ கட்டியிருந்தால், சாய்கிற வண்டியைக் காலால் தாங்கப் பார்ப்பது இன்னும் மோசம். அத்தனை பாரமும் அந்த ஒரு கீல்மேல்தான் இறங்கும்.

உங்கள் முட்டியின் குறை எது?

தாங்கி வாங்குமுன் விடை தெரியவேண்டிய கேள்வி இது. நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் மருத்துவரிடம் சரியாக விவரம் சொல்வதற்குச் சில அடையாளங்களைத் தெரிந்துகொள்ளலாம்.

விழுந்த நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் உள்ளே கேட்டதா? சில மணி நேரத்துக்குள் முட்டி பலாப்பழம் போல வீங்கிவிட்டதா? அப்படியானால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். சிலுவை நார் அறுந்திருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிப்பார். வீக்கம் வற்றிய பிறகு நேராக நடக்க முடிகிறது, ஆனால் சட்டென்று திரும்பும்போது கால் பிடி விட்டுப்போகிறது என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது.

முட்டி ஒரு நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் போகிறதா? பிறை மெத்தை கிழிந்து நடுவில் சிக்கியிருக்கலாம். சில்லு மட்டும் வெளிப்பக்கமாக நழுவி நழுவி வருகிறதா? அது வேறு குறை. வயதானவருக்குக் காலையில் எழுந்ததும் இறுக்கம், நடந்தால் கடகட என்ற ஒலி, மாலையில் வலி என்றால், அது தேய்மானமாக இருக்கலாம்.

விழுந்த அன்றே முட்டியை உருவிவிடுவதும், சுடச்சுடத் தைலம் தேய்ப்பதும், 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று திருகுவதும் வேண்டாம். உள்ளே இரத்தம் கசியும்போது உருவினால் வீக்கம் கூடும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 அல்லது 20 நிமிடம் வைத்து எடுங்கள். கால் ஊன்றவே முடியாவிட்டாலும், பாதம் சில்லிட்டு மரத்துப்போனாலும், முட்டி பூட்டிக்கொண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சில நாள் படுத்திருந்த பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், அது இரத்தக் கட்டியின் அடையாளமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே புறநோயாளர் கட்டணம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்குள்ள மருத்துவர் தேவை என்று கண்டால், கடிதம் கொடுத்து எலும்பு மருத்துவ நிபுணரிடம் அனுப்புவார். நம் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனை சிகாமட்டில் உள்ளது. போகும்போது, விழுந்தது எப்படி, கால் எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை தடவை முட்டி வாரிவிட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

"முட்டிக்குள் நார் அறுந்தால் அவ்வளவுதான்" என்று மனம் உடையவேண்டாம். 1895-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற மருத்துவர், சுரங்கத்தில் அடிபட்ட ஒரு 41 வயதுத் தொழிலாளியின் அறுந்த சிலுவை நார்களைத் தைத்துச் சேர்த்தார். அந்த மனிதர் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நொண்டாமல் நடந்தார் என்று மருத்துவ வரலாறு கூறுகிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஏழைத் தொழிலாளியின் முட்டிக்கு வழி பிறந்தது. இன்று பின்தொடையிலிருந்து நார் எடுத்துப் புது நார் வைக்கும் அறுவை நம் நாட்டிலேயே நடக்கிறது. எல்லாருக்கும் அறுவை தேவைப்படுவதும் இல்லை. பயிற்சியாலும் தாங்கியாலும் சமாளிப்பவர்கள் பலர்.

தாங்கிகளில் எத்தனை வகை?

கடையில் எல்லாவற்றையும் 'முட்டி கார்டு' என்றே சொல்லி விற்பார்கள். உண்மையில் அவை வெவ்வேறு சாமான்கள்.

முதலாவது, இழுத்து மாட்டும் உறை. முக்குளிப்பவர் உடைபோன்ற ரப்பர்த் துணியிலோ பின்னல் துணியிலோ செய்தது. முட்டிக்குச் சூடு தரும், இலேசாக அமுக்கும், 'முட்டி இங்கே இருக்கிறது, கவனம்' என்று மூளைக்கு நினைவூட்டும். தேய்மான வலிக்கும் சிறு வீக்கத்துக்கும் நல்லது. விலையும் சில பத்து வெள்ளிதான். ஆனால் அறுந்த நாரின் வேலையை இது செய்யாது. ஆட்டங்கண்ட முட்டிக்கு உறையை மட்டும் நம்பி மண்சாலையில் வண்டி ஓட்டுவது, உடைந்த கீலுக்குத் துணி சுற்றிக் கதவைச் சாத்துவதைப் போன்றது.

இரண்டாவது, சில்லு உறை. நடுவில் வட்டமாகத் துளை இருக்கும். அதைச் சுற்றி மெத்தென்ற வளையம் தைத்திருக்கும். சில்லு நழுவுகிறவர்களுக்கு உரியது.

மூன்றாவது, கீல் பட்டை. துணி உறையின் இரு பக்கமும் உலோகப் பட்டையும் கீலும் வைத்து, மேலும் கீழும் ஒட்டுப் பட்டைகளால் கட்டுவது. பக்க நார் கிழிந்து ஆறிவருகிறவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். உட்பக்க நார் பலருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களில் ஆறிவிடும். அதுவரை பக்கவாட்டு ஆட்டத்தை இது தடுக்கும்.

நான்காவது, சட்டத் தாங்கி. தொடையையும் கெண்டைக்காலையும் கெட்டியான சட்டத்தால் பிடித்து, நடுவில் இரு பக்கமும் கீல் வைத்திருப்பார்கள். கரிநார், அலுமினியம், கெட்டிப் பிளாஸ்டிக் முதலியவற்றால் செய்வார்கள். சிலுவை நார் இல்லாத முட்டிக்காகவே உருவானது இது. முட்டி முழுதாக நீண்டு பின்னால் வளையாதபடி, எத்தனை பாகை வரை நீளலாம் என்று தடுப்பு வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதை மருத்துவரோ தாங்கி பொருத்தும் வல்லுநரோ வைத்துத் தரவேண்டும், நாமாக மாற்றக்கூடாது. முன் நாருக்கான தாங்கி வேறு, பின் நாருக்கான தாங்கி வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டிப் போகக்கூடியது. அதனால்தான் நோயை அறியாமல் வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இந்தச் சட்டத் தாங்கிக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜோ நாமத் என்ற புகழ்பெற்ற பந்தாட்டக்காரருக்கு 1965-இல் நியூயார்க் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் டாக்டர் ஜேம்ஸ் நிக்கலஸ் முட்டி அறுவை செய்தார். அதன் பிறகு நாமத் முட்டியில் தாங்கி மாட்டிக்கொண்டு பல ஆண்டுகள் ஆடினார். 1969-இல் தம் அணிக்குப் பெரிய வெற்றியும் தேடித் தந்தார். அந்த மருத்துவமனையின் பெயராலேயே வழங்கிய தாங்கி, பின்னர் வந்த பல தாங்கிகளுக்கு முன்னோடி ஆயிற்று. மோட்டார் சைக்கிள் மண்பந்தயக்காரர்கள் இன்று அணிவதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மண்பாதையில் ஓட்டுகிறவர்களில் தாங்கி அணிந்தவர்களுக்கு முட்டிக் காயம் குறைவாகவே ஏற்பட்டது என்று கண்டது. கவனியுங்கள்: குறைவு என்றுதான் சொன்னது, இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

ஐந்தாவது, முட்டிக் கவசம். கெட்டிப் பிளாஸ்டிக் மூடியும் உள்ளே மெத்தையும் இருக்கும். கல்லிலும் கட்டையிலும் மோதும்போது சில்லையும் தோலையும் காக்கும். ஆனால் முட்டி திருகுவதை இது தடுக்காது. பந்தயக்காரர் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, தாங்கி என்று நினைத்துக் கவசத்தை வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது அடிக்குக் காப்பா, திருகலுக்குக் காப்பா?"

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தாங்கி சட்டை மாதிரி 'சின்னது, நடுத்தரம், பெரியது' என்று கண்ணால் பார்த்து எடுப்பதல்ல. தையல்காரர் நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லின் நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து மேலே 15 சென்டிமீட்டர் தூரத்தில் தொடைச் சுற்றளவு. கீழே 15 சென்டிமீட்டர் தூரத்தில் கெண்டைக்கால் சுற்றளவு. இரண்டையும் எழுதிக்கொண்டு, தாங்கிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். எப்படி அளப்பது என்று தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதன்படியே அளக்கவேண்டும். வேலை செய்து வீங்கிய மாலை நேரத்தில் அளக்காமல், காலையில் அளப்பது நல்லது. அடிபட்ட காலின் தொடை இளைத்திருக்கும். ஆகவே நல்ல காலை அளந்து வாங்கவேண்டாம்.

இரவல் தாங்கியும் பழைய தாங்கியும் வாங்குவதில் எச்சரிக்கை தேவை. இன்னொருவர் காலுக்கு வளைந்த சட்டம் உங்கள் காலில் வழுக்கி இறங்கும். இறங்கிய தாங்கியின் கீல் முட்டியின் கீலுக்கு நேராக நிற்காது. அப்படிப்பட்ட தாங்கி உதவி செய்வதை விட்டு உபத்திரவம் செய்யும்.

மாட்டிப் பார்க்கும்போது உங்கள் வண்டியையும் நினைத்துப் பாருங்கள். காப்சாய் வண்டியில் முட்டிகளுக்கு நடுவே எண்ணெய்த் தொட்டி இல்லாதது ஒரு வசதி. ஸ்க்ராம்ளரில் உட்பக்கக் கீல் தொட்டியை உரசும். ஆகவே உட்பக்கம் மெல்லியதாக இருக்கவேண்டும். எந்த வண்டியானாலும், ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, தாங்கியோடு ஏறி உட்காருங்கள். இடது கால் கியரையும் வலது கால் பிரேக்கையும் தடையில்லாமல் எட்டுகிறதா? காலைத் தரையில் ஊன்றி மறுபடி எடுக்க முடிகிறதா? பூட்ஸின் மேல் விளிம்பு தாங்கியின் கீழ் விளிம்பை முட்டுகிறதா? இவை சரியாக இருந்தால்தான் சாலைக்குப் போகலாம்.

மாட்டும் முறை

நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து முட்டியைப் பாதியளவு மடக்குங்கள். சட்டத் தாங்கியைக் காற்சட்டைக்கு மேல் கட்டாதீர்கள்; துணி வழுக்கும். மெல்லிய பருத்தி உறைமேலோ வெறுங்காலிலோ கட்டி, அதன்மேல் தளர்வான காற்சட்டை போடுங்கள். கீலின் நடுப்பகுதி முட்டிச் சில்லின் நடுவுக்கு நேராக வரவேண்டும். பல சட்டத் தாங்கிகளில், முட்டிக்குச் சற்றுக் கீழே கெண்டைச் சதைக்கு மேலாக வரும் பட்டையைத்தான் முதலில் இறுக்கவேண்டும். தாங்கி கீழே இறங்காமல் பிடித்து வைப்பது அதுதான். மற்றப் பட்டைகளுக்குத் தயாரிப்பாளர் எண் போட்டிருப்பார். அந்த வரிசைப்படி கட்டுங்கள்.

கட்டி முடித்ததும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தாங்கி இறங்கினால் மறுபடி கட்டுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ அதிகமாக இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். புதுத் தாங்கியை முதல் நாளே முழு நாள் அணியாமல், ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலும் வேர்வையும் தெரிந்ததுதானே? வேலை முடிந்து வந்ததும் தாங்கியைக் கழற்றி, உள் மெத்தைகளை இலேசான சவர்க்காரத்தில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். காலையும் கழுவித் துடையுங்கள். இல்லையென்றால் வேர்க்குருவும் படர்தாமரையும் வரும். சிலருக்கு ரப்பர்த் துணி ஒத்துக்கொள்ளாமல் தோல் சிவந்து தடிக்கும். அவர்கள் பின்னல் துணி உள்ளதை வாங்கலாம். கீலில் மண் அடைந்தால் பழைய பல் தூரிகையால் தட்டி எடுங்கள். திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். மண்வெட்டிக்கும் குலை வெட்டும் அரிவாளுக்கும் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டவேண்டும்.

காசில்லாத தாங்கி

முன்னே தசைகளைப் பற்றிச் சொன்னேனே, இப்போது அதற்கு வருவோம். கடையில் கிடைக்காத, காசு கொடுத்து வாங்கவும் முடியாத தாங்கி உங்கள் தொடைத் தசைதான். மருத்துவமனையின் பிசியோ பிரிவில் உங்கள் முட்டிக்கு ஏற்ற பயிற்சியைச் சொல்லித் தருவார்கள். அங்கே சாதாரணமாகச் சொல்லித் தருகிற சிலவற்றைக் கேளுங்கள்.

பாயில் உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துவாலையைச் சுருட்டி வைத்து, துவாலையை அழுத்துவதுபோல முன்தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். படுத்துக்கொண்டு, காலை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்தி மெல்ல இறக்குங்கள். முன்னேற்றம் கண்டபின், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழுங்கள். பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும். வலி கூடினாலும் வீங்கினாலும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஒரு வாரத்தில் பலன் தெரியாது. மாதக் கணக்கில் விடாமல் செய்யவேண்டும்.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஓட்டலாமா? முட்டி வீங்கியிருக்கும்போதும், பூட்டிக்கொள்ளும்போதும் ஓட்டக்கூடாது. எந்தத் தாங்கி மாட்டினாலும் கூடாது. தட்டையான தரையில் நடக்கும்போதே கால் வாரிவிடுகிறவரும் ஓட்டக்கூடாது. வீக்கம் வற்றி, ஒற்றைக் காலில் நிற்க முடிந்து, படியிறங்கும்போது முட்டி அசையாமல் இருந்து, மருத்துவரும் சம்மதித்தால், ஏற்ற தாங்கியோடு ஓட்டலாம். புது நார் வைக்கும் அறுவை செய்துகொண்டவர்கள் மண்பாதையில் ஓட ஒன்பது மாதமோ அதற்கு மேலோ காத்திருக்கவேண்டி வரலாம். அவசரப்பட்டால் வைத்த நாரும் போய்விடும்.

ஓட்டும்போது சறுக்கலில் காலை நீட்டும் பழக்கத்தை விடுங்கள். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இரண்டு பாதத்தையும் மிதிகளிலேயே வைத்துக்கொண்டு போங்கள். சேறு ஆழமாக இருந்தால் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாரத்தை இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். வண்டி விழப்போகிறது என்றால் விழட்டும். நூறு கிலோ இரும்பைப் பலவீனமான காலால் தாங்கப் பார்க்காதீர்கள். வண்டிக்கு ஸ்பேர் பார்ட் லாபிஸ் கடைத்தெருவில் கிடைக்கும். முட்டிக்கு அப்படிக் கிடைக்காது.

மறைக்காதீர்கள், பதிவு செய்யுங்கள்

முட்டி வலியை நம்மவர்கள் மறைப்பதற்குக் காரணம் உண்டு. நாள் கூலியும் எடைக் கூலியும் நம்பிய குடும்பம். தோட்டத்து வீடும் வேலையோடு சேர்ந்தது. "கால் போச்சு என்று தெரிந்தால் வேலை போய்விடுமோ?" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, 1971-இல் சொக்சோ என்னும் பெர்கேசோ அமைப்பு செயல்படத் தொடங்கியது. வேலை செய்யும்போது நேரும் விபத்து மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதில் அடங்கும். வழியில் சொந்தக் காரியத்துக்காக வேறு பக்கம் திரும்பிவிட்டால் அடங்காமல் போகலாம். ஆகவே காலை வேளையில் செம்மண் சாலையில் விழுந்தால், "கொஞ்சம் சிராய்ப்புத்தான்" என்று எழுந்து போய்விடாதீர்கள். அன்றே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். போலீஸ் புகார் செய்யுங்கள். மருத்துவரிடம் போய், வேலைக்குப் போகும் வழியில் விழுந்தது என்பதை எழுத வையுங்கள். விபத்தைப் பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்கவேண்டும்.

விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்புக் கிடைத்தால், தற்காலிக ஊனத் தொகை கேட்கலாம். கணக்கிடப்பட்ட நாள் ஊதியத்தில் நூற்றுக்கு 80 பங்கு அது. சிகிச்சையும், தேவை என்று ஏற்கப்பட்டால் தாங்கி போன்ற உறுப்புத் துணைச் சாதனங்களும், மறுவாழ்வுப் பயிற்சியும் பெர்கேசோவின் உதவிகளில் உள்ளன. மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இப்படிப்பட்ட தொழிலாளர்களை மீண்டும் வேலைக்குத் தயார் செய்வதற்காகவே ஏற்பட்டது. ஆயிரம் வெள்ளித் தாங்கிக்கு வட்டிக்குக் கடன் வாங்குமுன், உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். தொழிற்சங்கத் தலைவரிடமும் உதவி கேளுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறாரா, வண்டியிலிருந்து இறங்கும்போது ஒரு காலையே நம்புகிறாரா என்பதை அவரைவிட நீங்கள்தான் முதலில் கவனிப்பீர்கள். "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். உங்கள் முட்டியே அப்படி இருந்தால், சமையலையும் பிள்ளைகளையும் காரணம் காட்டித் தள்ளிப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ராம்ளர் ஓட்டும் தம்பிகளே, தலைக்கவசத்துக்கும் வண்டி அலங்காரத்துக்கும் செலவு செய்வதில் ஒரு பங்கை முட்டிக்கும் ஒதுக்குங்கள். உங்கள் அப்பாவின் கால் உழைத்துத்தான் அந்த வண்டி வந்தது.

குறையை முதலில் அறியுங்கள், தசையைப் பலப்படுத்துங்கள், அதன் பிறகு அளந்து தாங்கி வாங்குங்கள். இந்த வரிசை மாறாமல் இருந்தால், ஆட்டங்கண்ட முட்டியும் இன்னும் பல ஆண்டுகள் உங்கள் குடும்பத்துக்காக நடக்கும்.